சிக்னலில் நிற்கத் தெரியாத என்ஜின்

(அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஞாயிறு மாலைகளில் கூடும் நம் பெங்களூரு தமிழ் நண்பர்களிடம் பேசியது. கையில் இருந்த குறிப்பை வைத்து நானே எழுதினேன். பேச்சு வழிமாறிப் போன இடங்களை அப்படியே விட்டிருக்கிறேன்.)

வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்கணும். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து சில்க் போர்டு நெரிசல் வழியாக வருகிறேன், இதற்கு மேல் உங்களுக்கு விளக்கம் தேவைப்படாது. ஆனால் அந்த முக்கால் மணி நேரம் வீணாகவில்லை, ரேஸ் காரின் தொழில்நுட்பம் சாலைக் காருக்கு எதற்கு என்ற இன்றைய பேச்சுக்கு வேண்டிய கணக்கை அங்கே நின்றுகொண்டுதான் போட்டேன்.

கணக்கு இதுதான். ஆளோடு சேர்த்து 1,300 கிலோ இருக்கும் ஒரு சாதாரண கார், மணிக்கு 30 கிலோமீட்டரில் உருண்டு வந்து பிரேக் போட்டு நிற்கிறது. அப்போது வீணாகும் ஆற்றல் சுமார் 45 கிலோஜூல். இன்னொரு பக்கம் 1,500 கிலோ எடையுள்ள ஒரு ஹைப்பர்கார், அதாவது கோடிக்கணக்கில் விலையுள்ள அதிவேகக் கார், ரேஸ் டிராக்கில் 300இல் வந்து, திருப்பத்துக்காக 100க்கு இறங்குகிறது. அந்த ஒரு பிரேக்கில் போவது சுமார் 4.6 மெகாஜூல், நம் கரண்ட் பில் பாஷையில் 1.3 யூனிட். அதாவது சில்க் போர்டில் நூறு முறை நின்று கிளம்பும் காரும், டிராக்கில் ஒரே ஒரு முறை பிரேக் மிதிக்கும் ஹைப்பர்காரும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஆற்றலைத்தான் வெப்பமாகக் காற்றில் விடுகின்றன.

அளவு ஒன்றுதான், நேரம்தான் வேறு. ஹைப்பர்காருக்குக் கிடைப்பது ஏறக்குறைய நாலே நொடி. நாலு நொடியில் 1.3 யூனிட்டைப் பிடித்து பேட்டரிக்குள் தள்ள வேண்டுமென்றால் ஒரு மெகாவாட்டுக்கு மேல் திறன் வேண்டும். சில்க் போர்டு காருக்கு ஒவ்வொரு முறையும் பத்து கிலோவாட் போதும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப இங்கேதான் வருவேன்.

ரேஸ் காருக்காக உருவான ஹைபிரிட் தொழில்நுட்பத்துக்கு, சாலையில் ஓடும் ஹைப்பர்காரில் என்ன வேலை? இதுதான் தலைப்பு. ஹைபிரிட் என்றால் பெட்ரோல் என்ஜினோடு மின் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்தது; பிரேக் போடும்போது அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வேகத்தைப் பிடித்து பேட்டரியை நிரப்பும். நம்மில் ஒருத்தரும் வாங்கப் போவதில்லை, அப்புறம் எதற்கு இந்தப் பேச்சு என்று போன வாரமே ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் மோட்டார் கன்ட்ரோலர் செய்கிறவன். 'பந்தயத்தில் பிறந்தது' என்ற வார்த்தை கோடிக்கணக்கு ரூபாய் காரில் தொடங்கி ஒன்றரை லட்சம் ரூபாய் ஸ்கூட்டர் விளம்பரம் வரை இறங்கி வருவதைத் தினமும் பார்க்கிறேன். அதனால்தான் எரிச்சல். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பந்தயத்தில் கற்ற பாடம் சாலைக்கு வரட்டும், பந்தயத்தின் உதிரிபாகம் வர வேண்டாம்.

முதலில், யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தது? டொயோட்டா பிரியஸ் 1997இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்துவிட்டது. பிரேக் மிதிக்கும்போது எவ்வளவு மோட்டார் பிடிக்கணும், எவ்வளவு டிஸ்க் பிரேக் பிடிக்கணும் என்று பங்குபோடும் வித்தை அதிலேயே இருந்தது. ஃபார்முலா ஒன்னில் கெர்ஸ், அதாவது பிரேக் ஆற்றலைப் பிடித்துவைத்துத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு, வந்தது 2009இல், பன்னிரண்டு வருஷம் கழித்து. அதுவும் எவ்வளவு? 60 கிலோவாட், ஒரு சுற்றுக்கு 400 கிலோஜூல், சரியாக ஒரு யூனிட்டில் ஒன்பதில் ஒரு பங்கு. பட்டனை அமுக்கினால் ஆறரை நொடிக்குக் கொஞ்சம் கூடுதலாக வேகம் கிடைக்கும், தீர்ந்தது. 2010இல் எல்லா அணிகளும் பேசிவைத்துக்கொண்டு அதைக் கழற்றியே வைத்துவிட்டார்கள். 2011இல் திரும்பி வந்தபோதும் சின்ன அணிகளால் முடியவில்லை. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் அந்த வருஷம் கிரேட்டர் நொய்டாவில் நடந்த முதல் இந்திய கிராண்ட் ப்ரீயில் ஓட்டினாரே, அந்த எச்ஆர்டி காரில் கெர்ஸ் கிடையாது. மற்றவன் பட்டனை அமுக்கித் தாண்டிப் போக, இவர் வெறும் என்ஜினை வைத்துக்கொண்டு ஓட்டினார். சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் பார்த்த பெரியவர்கள் இங்கே ஓரிருவர் இருக்கிறீர்கள், அந்த வலி உங்களுக்குப் புரியும்.

சரி, ஹைப்பர்காருக்கு வருவோம். 2013இல் மூன்று கார்கள் ஒரே நேரத்தில் வந்தன. மெக்லாரன் பி1, போர்ஷே 918 ஸ்பைடர், லா ஃபெராரி. மூன்றும் ஹைபிரிட், மூன்றும் தங்களைப் பந்தயத்தின் பிள்ளை என்றன. ஆனால் உள்ளே பார்த்தால் மூன்று விதமான மனசு. லா ஃபெராரி தன் ஹைபிரிட் அமைப்பின் பெயரிலேயே கெர்ஸை வைத்துக்கொண்டது, மின்சாரத்தில் மட்டும் ஓடும் வசதி அதில் இல்லை. பி1இல் ஸ்டீயரிங்கிலேயே ஃபார்முலா ஒன் பாணி பட்டன்கள், 4.7 யூனிட் பேட்டரி. 918இல் 6.8 யூனிட் பேட்டரி, முன் சக்கரத்துக்குத் தனி மோட்டார், பக்கத்து வீட்டுக்காரர் தூக்கம் கெடாமல் மின்சாரத்தில் வெளியே போகலாம். அதே 918தான் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் டிராக்கில் 6 நிமிடம் 57 நொடியில் சுற்றி, 7 நிமிடத்துக்குக் கீழே வந்தது.

இதில் பி1 எனக்குப் பிடித்த உதாரணம். டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் விசிறி. பெரிய டர்போ வைத்தால் உச்சத்தில் நிறையத் திறன் கிடைக்கும், ஆனால் ஆக்சிலரேட்டரில் காலை வைத்ததும் அது சுழன்று வேகம் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். அந்த இடைவெளியை மோட்டார் நிரப்புகிறது. மேட்டில் திணறும் வண்டியைப் பின்னாலிருந்து ஒரு கை தள்ளிவிடுகிற மாதிரி. தள்ள ஆள் இருக்கிறது என்று தெரிந்ததால் டர்போவை இன்னும் பெரிதாக வைக்க முடிந்தது. ஹைப்பர்காரில் ஹைபிரிட்டுக்கு உண்மையான வேலை இதுதான். பெட்ரோல் மிச்சம், பூமிக்கு நல்லது என்பதெல்லாம் மேலே தூவிய கொத்தமல்லி.

அடுத்த கார் மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஒன். இவர்கள் பாடம், வித்தை என்றெல்லாம் யோசிக்கவே இல்லை, ஃபார்முலா ஒன்னின் 1.6 லிட்டர் வி6 ஹைபிரிட் என்ஜினையே தூக்கி சாலைக் காரில் வைத்துவிடுவோம் என்றார்கள். 2017இல் காட்டினார்கள், வாங்கினவர் கைக்கு வர ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனது. ஏன்? அந்த என்ஜினுக்குச் சும்மா நிற்கத் தெரியாது. நம் கார் சிக்னலில் நிமிடத்துக்கு 800 சுற்று போலச் சுழன்றுகொண்டு அமைதியாக நிற்கும். பந்தய என்ஜினின் ஐடில் 5,000 அளவில் இருக்கும். அதை 1,200க்கு இறக்கி, அப்போதும் புகை விதிகளில் தேறவைத்து, அதற்காகப் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை முன்கூட்டியே சூடாக்கி, அது சூடாகும்வரை காரை மோட்டாரில் நகர்த்தி... ஒரு கூட்டமே உட்கார்ந்து அந்த என்ஜினுக்கு சிக்னலில் நிற்கக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அவர்கள் திறமைக்கு நான் தலைவணங்குகிறேன், கிண்டல் இல்லை. 2024இல் அது நூர்பர்க்ரிங்கை ஆறரை நிமிடத்துக்கும் குறைவாகச் சுற்றியது. ஆனால் 50,000 கிலோமீட்டர் ஓடினால் என்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்று அறிமுகத்தின்போதே சொல்லிவிட்டார்கள். நம் ஆட்டோ நாளுக்கு நூறு கிலோமீட்டர் ஓடினால் 500 நாளில் அந்தக் கணக்கு முடிந்துவிடும். 275 பேர் அந்தக் காரை வாங்கினார்கள், அவர்கள் யாரும் நாளுக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

எதிர்க்கதையும் ஒன்று இருக்கிறது. ஆஸ்டன் மார்ட்டின் வால்கிரியின் சாலைக் காரில் வி12 என்ஜினோடு ஹைபிரிட் மோட்டாரும் உண்டு. அதே வால்கிரியைப் பந்தயக் காராக்கி 2025இல் லெ மான் 24 மணி நேரப் போட்டிக்குக் கொண்டுபோனபோது ஹைபிரிட்டைக் கழற்றிவிட்டார்கள்! அந்தப் பிரிவில் மொத்தத் திறனுக்கே உச்சவரம்பு உண்டு, அந்த வரம்பை வி12 தனியாகவே எட்டிவிடும், அப்புறம் பேட்டரி எடை எதற்கு? சாலையில் 'பந்தயத் தொழில்நுட்பம்' என்று விற்ற பொருளைப் பந்தயத்துக்குப் போகும்போது வீட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். இதைப் படித்த அன்று நான் தனியாகச் சிரித்தேன், வீட்டில் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

இன்னொரு கூத்து, டர்போவின் அச்சிலேயே ஒரு மோட்டாரை வைத்துப் புகையின் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் எம்ஜியு-எச். 2014இல் ஃபார்முலா ஒன்னுக்கு வந்தது, அற்புதமான பொருள். ஆனால் செலவு அதிகம், செய்வது கடினம், புதிதாக வரும் கம்பெனிகள் மிரண்டன. அதனால் 2026 விதிகளில் தூக்கிவிட்டார்கள். ஆனால் அதே யோசனை 2024இல் போர்ஷே 911 கரேரா ஜிடிஎஸ் காருக்கும், ஃபெராரி எஃப்80க்கும் வந்தாயிற்று. பந்தயம் வேண்டாம் என்று விட்டதை சாலை எடுத்துக்கொண்டது. 911இல் இது நன்றாகவே பொருந்துகிறது, பேட்டரி 1.9 யூனிட்தான், எடை பெரிதாக ஏறவில்லை. ஆக, 'பந்தயத்தில் இருக்கிறதா' என்பது ஒரு அளவுகோலே கிடையாது.

இங்கே என் சொந்தக் கதை கொஞ்சம். என்னிடம் ஒரு மின்சார ஸ்கூட்டர் இருக்கிறது, யார் செய்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் முழு சார்ஜ் போட்டுக்கொண்டு கிளம்பி, வீட்டுக்குப் பக்கத்து மேம்பாலத்தில் இறங்கினேன். வழக்கமாக ஆக்சிலரேட்டரை விட்டதும் மோட்டார் பிடித்து வேகத்தைக் குறைக்கும். அன்று பேட்டரி நிறைந்திருந்ததால் பிடிக்க இடமில்லை, வண்டி அதுபாட்டுக்கு ஓடுகிறது. முன்னால் ஒரு பிஎம்டிசி பஸ். பிரேக் இருந்தது, நின்றேன், ஆனால் வயிறு கலங்கிவிட்டது. மோட்டார் பிடிக்காதபோது பிரேக் அந்த வேலையை ஓட்டுகிறவனுக்குத் தெரியாமலே வாங்கிக்கொள்ள வேண்டும். 2014இல் ஃபார்முலா ஒன் பின்சக்கர பிரேக்கை மின்னணுக் கட்டுப்பாட்டில் விட அனுமதித்தது இதற்காகத்தான். மோட்டார் அவ்வளவு பலமாகிவிட்டதால், ஓட்டுநரின் கால் மட்டும் அதைச் சமாளிக்க முடியவில்லை. 300 கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் கைமாற்றத்தைச் சரியாகச் செய்த மென்பொருள் அறிவு இருக்கிறதே, அது எந்த ஸ்கூட்டருக்கு வந்தாலும் நான் வரவேற்பேன். நான் சொன்ன பாடம் இதுதான்.

பாகமே வந்த கதையும் ஒன்று உண்டு, அது ஹைப்பர்காருக்குப் போகவில்லை. வில்லியம்ஸ் அணி கெர்ஸுக்காக பேட்டரிக்குப் பதில் சுழலும் சக்கரம் ஒன்றை உருவாக்கியது. குயவர் சக்கரம் மாதிரி, சுற்றிவிட்டால் ஆற்றலைப் பிடித்து வைத்திருக்கும். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் அது ஓடவே இல்லை. ஆனால் ஆவுடியின் லெ மான் காரில் ஓடி வென்றது. 2014இல் ஜிகேஎன் கம்பெனி அதை வாங்கி, பிரிட்டனில் 500 நகரப் பேருந்துகளுக்குக் கொடுக்க ஒப்பந்தம் போட்டது. யோசித்துப் பாருங்கள், சில நூறு மீட்டருக்கு ஒரு முறை நின்று கிளம்பும் பல டன் பஸ். பிரேக் ஆற்றலைப் பிடிக்க இதைவிட நல்ல இடம் எது?

கடைசியாகப் பழைய கணக்குக்குத் திரும்புகிறேன். மெக்லாரன் டபிள்யூ1, 2024இல் அறிவித்தது, 1,275 குதிரைத்திறன். அதன் பேட்டரி 1.38 யூனிட், மோட்டார் 347 குதிரைத்திறன். இங்கிருந்து மைசூர் ரோட்டில் போனால் பிடதி. அங்கே தயாராகும் டொயோட்டா ஹைரைடரின் ஹைபிரிட் பேட்டரி 0.76 யூனிட், மோட்டார் 80 குதிரைத்திறன். பேட்டரி இரண்டு மடங்குகூட இல்லை, மோட்டார் நாலு மடங்குக்கு மேல். டபிள்யூ1இன் அந்த மோட்டாரும் நான் சொன்ன நாலு நொடி பிரேக்கில் கால்வாசி ஆற்றலைக்கூட முழுதாகப் பிடிக்க முடியாது, மீதி டிஸ்க்கில் கனலாகப் போகும். ஹைரைடரோ சில்க் போர்டில் பெரும்பாலானதைப் பிடித்துவிடும். டபிள்யூ1 மின்சாரத்தில் மட்டும் ஓடுவது 2.6 கிலோமீட்டர். அதில் ரிவர்ஸ் கியரே இல்லை, பின்னால் போவதும் மோட்டார் வேலை. எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. ஒரு கியரை எடுத்துவிட்டு எடையைக் குறைத்திருக்கிறார்கள், இருக்கிற பொருளுக்கு இரண்டாவது வேலை கொடுத்திருக்கிறார்கள். காரைச் செய்தவன் பந்தயத்தைக் காப்பியடிக்காமல் யோசித்திருக்கிறான் என்பதற்கு எனக்கு அந்த ஒரு ரிவர்ஸ் போதும்.

மணி ஏழரை. ஹால் சாவியை எட்டுக்குள் கொடுக்கணும். முன்வரிசையில் தம்பி ஒருத்தர் ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார், மின்சாரக் கார் பந்தயமான ஃபார்முலா ஈ பற்றித்தான் கேட்பார் என்று நினைக்கிறேன். வாங்க, கீழே டீக்கடையில் பேசுவோம்.