ஊத்தை யார் உடுப்பில்?

(மட்டக்களப்பு, கல்லடியில் மாதர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவி அவர்களே, எனக்குரிய நேரத்தையும் சேர்த்துத் தாராளமாகப் பேசிவிட்டு அமர்ந்திருக்கும் அதிபர் அவர்களே, பிரதேச செயலாளர் அம்மணி அவர்களே, வேறொரு கூட்டத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளர் ஐயா அவர்களே, பொன்னாடை போர்த்திய பொருளாளர் அவர்களே (இந்த வெக்கையில் அதை மடித்து வைத்துவிட்டேன், குறை நினைக்க வேண்டாம்), முன்னால் பாயில் இருக்கும் தாய்மாரே, பிள்ளைகளே, வணக்கம்.

விளையாட்டு ஒளிபரப்புக்கு இடையே வரும் விளம்பரங்கள் காட்டும் பெண், காட்டாத பெண், இதைத் தட்டிக்கேட்கும் சட்டம் என்று மூன்று விடயங்கள் பேச வந்திருக்கிறேன். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். நான் இன்று அழத்தான் வந்தேன்.

2024 ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை. தம்புள்ளையில் மகளிர் ஆசியக் கிண்ணக் கிரிக்கெட் இறுதியாட்டம். எங்கள் வீட்டில் அயல் முழுவதும் கூடிவிட்டது. இந்தியா எடுத்த 165 ஓட்டங்களை நம் பிள்ளைகள் துரத்துகிறார்கள். சமரி அத்தபத்து அடிக்கிற அடியில் பக்கத்து வீட்டு மாமி, திருவலையை விட்டுத் தேங்காய்ப் பாதியும் கையுமாக எழும்பிவிட்டார். ஓவர் முடிந்ததும் சலவைத்தூள் விளம்பரம். மகன் மட்டையும் சேறுமாக வருகிறான். தாய் சிரித்துக்கொண்டே தோய்க்கிறாள். அடுத்த ஓவர் முடிந்தால், ஆண்கள் நால்வர் சோபாவில் இருந்து கத்துகிறார்கள். ஒருத்தி பலகாரத் தட்டோடு வருகிறாள். பிறகும் அந்தச் சலவைத்தூள்.

மாமிக்குப் பொறுக்கவில்லை. "இந்தப் பிள்ளைகள் இவ்வளவு நேரம் விழுந்து புரண்டு ஆடுகிறார்களே, இவர்கள் உடுப்பில் ஊத்தை படாதா? அதைக் காட்டினால் தூள் விலைப்படாதா?" என்றார். "சும்மா இருந்து பார், தேநீர் எங்கே?" என்றார் மாமா. "இண்டைக்கு நீங்கள் ஊற்றுங்கள்" என்று மாமி திரும்பியும் பாராமல் சொன்னார். மனிதர் போனார்! சீனி போட மறந்த தேநீரைக் குடித்துக்கொண்டுதான் எட்டு விக்கெட் வெற்றியைப் பார்த்தோம்.

பிரித்தானியாவில் 2019 ஜூனில், ஆண் இப்படித்தான், பெண் இப்படித்தான் என்று தீங்கு தரும் வகையில் விளம்பரங்களில் காட்டுவதைத் தடுக்கும் விதி வந்தது. முதலில் நிறுத்தப்பட்டவற்றுள் ஒன்று, அப்பாமாருக்குக் குழந்தை பார்க்கத் தெரியாது என்று கேலி செய்த பாலாடைக்கட்டி விளம்பரம். ஆண்களுக்கும் நியாயம் கிடைத்திருக்கிறது, ஐயாமாரே, கவனியுங்கள்.

சட்டம் கிடக்கட்டும். விளம்பரக்காரர் கூட்டத்தைப் பார்த்துத்தான் காசைக் கொட்டுவார். பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் சேர, ஊருக்கு ஊர் பெண்கள் ஆட வேண்டாமா? 2018 இல் ஆசிய வலைப்பந்துக் கிண்ணம் வென்ற இலங்கை அணியில் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் நின்றார். நம் பொது மைதானத்து வலைப்பந்துக் கம்பத்திலோ மாடு கட்டியிருக்கிறது. உடுப்பு மாற்ற அறை இல்லை, மலசலகூடத்துக்குக் கதவு இல்லை. நான்கு மணிக்கெல்லாம் பையன்களின் கிரிக்கெட், பெண் பிள்ளைகள் வேலியோரம்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், அம்மணி அவர்களே. வாரத்தில் மூன்று மாலைகள் பெண் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குங்கள். ஓர் அறையும் கதவும் தாருங்கள். மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டியிருக்கிறது. அதிபர் அவர்கள் முதல் கையெழுத்தை இடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். சாப்பாட்டுக்குப் போகுமுன் மற்றவர்களும் வரிசையில் வாருங்கள்.