காலில் வளையம் தெரியட்டும்

(மொரிசியஸ் தீவின் ரோஸ் ஹில்லில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தமிழ்க் குடும்பங்கள் கூடியிருந்த இடத்தில் பேசியது. எழுத்தாக்கும்போது அங்கங்கே கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். பெரியவர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள், பிள்ளைகள் பின்னால் போனும் கையுமாக இருக்கிறார்கள். எனக்கு இரண்டு பேரும் வேண்டும், அதனால் நடுவில் நின்றே பேசுகிறேன்.

திரையில் தெரிகிற இந்தப் பிங்க் புறாவை எங்கே காட்டினாலும் ஒரே கேள்விதான் வருகிறது. படம் நன்றாக இருக்கிறது, ஆனால் காலில் அந்தப் பிளாஸ்டிக் வளையம் எதற்கு, இப்போதெல்லாம் போனிலேயே அழித்துவிடலாமே என்கிறார்கள். போட்டிக்குப் படம் அனுப்புகிறவர்களில் சிலர் அழித்தும் விடுகிறார்கள், இல்லையென்றால் வயிற்றுக்குக் கீழே வெட்டிவிடுகிறார்கள். இயற்கையாக இருக்க வேண்டுமாம்! நான் இன்றைக்குப் பேச வந்ததே இதைப் பற்றித்தான். நம் தீவில் அந்த வளையத்தை அழித்தால் மிஞ்சுவது ஒரு அழகான புறா, அவ்வளவுதான். எந்தப் புறா, எங்கே பிறந்தது, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதெல்லாம் அந்த வளையத்தோடு போய்விடும்.

நம் கெஸ்ட்ரலைப் பாருங்கள், அந்தச் சின்ன வல்லூறு. இந்தத் தீவில் இருந்து அழிந்துபோன டோடோ பறவை என்றால் நமக்கு ஒரு தனிப் பாசம். சட்டைப் பையில் இருக்கிற ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் டோடோவின் தலை தெரிகிறது, ரொம்பப் பெருமை. ஆனால் டோடோ போன வழியிலேயே இந்த வல்லூறும் போயிருக்க வேண்டியது. 1974-இல் காட்டில் இருப்பதாகத் தெரிந்தவை நான்கே நான்கு, அதில் குஞ்சு பொரிக்கும் பெண் பறவை ஒன்றுதான். காடு கரும்புத் தோட்டமாகிவிட்டது. மிச்சம் இருந்த காட்டில் வெளியிலிருந்து வந்த எலியும் பூனையும் குரங்கும் கூட்டைச் சூறையாடின. மலேரியாவை ஒழிக்கத் தெளித்த டிடிடி என்ற மருந்து பூச்சிக்குள் போய், பூச்சியைத் தின்ற பல்லிக்குள் போய், பல்லியைத் தின்ற வல்லூறின் உடம்பில் சேர்ந்து, முட்டை ஓட்டை மெலிதாக்கி, அடைகாக்க உட்கார்ந்தாலே உடைகிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. போதாததற்குக் கோழியைத் தூக்குகிறது என்று பழி சொல்லிச் சுட்டார்கள். பறவையின் எடையே சுமார் 200 கிராம்! அது எங்கே கோழியைத் தூக்குவது?

1979-இல் வேல்ஸ் நாட்டிலிருந்து கார்ல் ஜோன்ஸ் என்ற இளைஞர் இங்கே வந்தார். அவர் செய்த வழி இதுதான்: கூட்டில் இட்ட முதல் முட்டைகளை எடுத்துவிட்டால் தாய் மறுபடியும் முட்டையிடும், எடுத்ததை இன்குபேட்டரில் பொரிக்கலாம். கேட்பதற்குச் சின்ன விஷயம்தான், ஆனால் உலகத்தில் விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய அளவே இருக்கிற பறவையின் கூட்டில் கை வைக்க என்ன தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். மரத்தில் பெட்டி அடித்துக் கூடு அமைத்தார்கள், வெள்ளெலியை இரையாகப் போட்டுப் பழக்கினார்கள், 1990-களின் நடுவுக்குள் 300-க்கும் மேற்பட்ட கெஸ்ட்ரல்களைக் காட்டில் விட்டார்கள். பிங்க் புறாவும் அதே கதைதான், 1990 வாக்கில் காட்டில் பத்துப் பன்னிரண்டுகூட இல்லை, இன்று சில நூறு இருக்கின்றன.

இப்போது வளையத்துக்கு வருவோம். ஒரு காலில் எண் பொறித்த உலோக வளையம் இருக்கும், அதோடு நிற வளையங்கள் சேரும். எந்தக் காலில் எந்த நிறம், மேலே எது கீழே எது என்ற சேர்க்கைதான் அந்தப் பறவையின் அடையாள அட்டை. போன வருடம் இந்தப் பறவையைப் பார்த்தோம், இந்த வருடமும் பார்த்தோம், அடுத்த வருடம் காணவில்லை. இப்படி ஆயிரக்கணக்கான குறிப்புகள் சேர்ந்தால்தான் வருடத்துக்கு எத்தனை சாகின்றன, எத்தனை பிழைக்கின்றன என்று கணக்குப் போட முடியும். கிழக்கே பம்பு மலைப் பக்கம் கெஸ்ட்ரல் அறவே இல்லாமல் போயிருந்தது. 1987-லிருந்து சில வருடம் அங்கே கொண்டுபோய் விட்டார்கள், அன்றிலிருந்து குஞ்சுகளுக்கு வளையம் போட்டுக்கொண்டே வருகிறார்கள். அதனால் இன்று அங்கே பறக்கிற பல பறவைகளுக்குத் தாய், பாட்டி, பாட்டிக்குப் பாட்டி வரைக்கும் சொல்லலாம்.

நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்? மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்துக்குப் போய், ஒப்பந்தக் கூலியாக வந்த பாட்டனைத் தேடினவர்கள் இங்கே இருப்பீர்கள். பெயரை அந்தக் காலத்துக் குமாஸ்தா கேட்டபடி எழுதியிருப்பான், ஊர்ப் பெயரும் கந்தல். ஆனால் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண் இருக்கிறது, பலருக்கு ஒரு புகைப்படமும் இருக்கிறது. ஆளைத் தோட்டத்தோடு கட்டிப்போடப் போட்ட எண் அது, அதில் சந்தேகமில்லை. இருந்தும் இன்றைக்குப் பாட்டன் கிடைப்பது அந்த எண்ணால்தான். அந்தப் படத்தில் எண்ணை மட்டும் யாராவது அழகுக்காகச் சுரண்டியிருந்தால் நமக்கு எப்படி இருக்கும்? புறாவின் காலும் எனக்கு அப்படித்தான்.

சரி, படம் எடுப்பவர்களுக்குச் சில கைவேலை விஷயங்கள். படத்தை இடவலம் திருப்பாதீர்கள். பறவை வலது பக்கம் பார்த்தால் அழகாக இருக்கும் என்று ஒரு தட்டு தட்டித் திருப்பிவிடுகிறோம், உடனே இடது கால் வலது காலாகிறது, படத்தில் இருப்பது வேறு பறவையாகிவிடுகிறது. அடுத்தது நிறம். பிளாக் ரிவர் தேசியப் பூங்காக் காட்டுக்குள் வெளிச்சம் இலை வழியாக வடிந்து பச்சையாக இறங்கும், வெள்ளை வளையம் லேசான பச்சையாகத் தெரியும். அதற்கு மேல் ஃபில்டர் போட்டால் மஞ்சள் ஆரஞ்சாகும், நீலம் பச்சையாகும். ரா கோப்பில், அதாவது கேமரா பதப்படுத்தாமல் அப்படியே வைக்கிற கோப்பில் எடுத்தால் பிறகு சரிசெய்யலாம், போனில் எடுத்தால் எடுத்தபடியே வையுங்கள். முகத்துக்கு ஒரு படம், காலுக்கு ஒரு படம் என்று எடுத்துக்கொண்டால் போட்டிக்கும் ஆச்சு, ஆராய்ச்சிக்கும் ஆச்சு.

கெஸ்ட்ரலைப் பற்றி இன்னொன்று. மற்ற நாட்டுக் கெஸ்ட்ரல்கள் பல வெட்டவெளியில், காற்றில் நின்ற இடத்திலேயே நின்று இரை தேடும். நம்முடையது காட்டுப் பறவை, இறக்கை குட்டை, நுனி வட்டம், மரத்துக்கு மரம் நடுவே புகுந்து பச்சைப் பல்லியைக் கிளையிலிருந்து பறித்துக்கொண்டு போகும். அதனால் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், பல்லி வெயில் காய்கிற கிளையைப் பாருங்கள். வெள்ளை மார்பில் இதய வடிவில் கறுப்புப் புள்ளிகள், அதை ஒரு தரம் கிட்டத்தில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வழிகாட்டி வெள்ளெலியை வீச, பாய்ந்து பிடிக்கிற படம் எடுத்தால் தப்பே இல்லை, ஆனால் எலி வீசினார்கள் என்று கீழே எழுதுங்கள். வேட்டையாடியது என்று எழுதுவது பொய்.

பல்லி என்றதும் நம் ஆட்கள் எந்தப் பக்கம் விழுந்தால் என்ன பலன் என்று பார்ப்போம். இந்தப் பச்சைப் பல்லிக்கு வேறு வேலை இருக்கிறது. லெ மோர்ன் மலையில் மட்டும் இயல்பாக வளர்கிற நம் தேசியப் பூ இருக்கிறதே, 1992-இல் அறிவித்தார்களே, அந்த டிரோகேஷியா பூவின் தேன் நிறமற்றதாக இருக்காது. சிவப்பாக இருக்கும். அந்த நிறத் தேனைத் தேடிப் பல்லி வரும் என்று இங்கேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பூவுக்குள் தலையை விட்டு நக்கிவிட்டு வெளியே வரும்போது மூக்கில் மகரந்தம் மாவு பூசினமாதிரி ஒட்டியிருக்கும். மேக்ரோ லென்ஸ் வைத்திருப்பவர்களே, பூவை மேலேயிருந்து எடுக்காமல் கொஞ்சம் சாய்த்து, அடியில் தேங்கியிருக்கிற அந்தத் துளி தெரிகிற மாதிரி எடுங்கள்.

கிளிக்கு வருவோம். வீட்டு மாமரத்தில் நம் தீவின் சொந்தக் கிளியான எக்கோ கிளி வந்தது என்று எனக்குப் படங்கள் வருகின்றன. ஊருக்குள் எடுத்தது என்றால் கிட்டத்தட்ட எல்லாமே இந்தியக் கிளிதான், நம்மைப் போலவே அங்கிருந்து வந்தது. எக்கோ கொஞ்சம் குண்டு, வால் குட்டை, பச்சையும் அடர்த்தி. பெண் எக்கோவுக்கு அலகு கறுப்பு, இந்தியக் கிளியில் ஆண் பெண் இரண்டுக்கும் சிவப்பு. மைனாவும் அப்படித்தான், வெட்டுக்கிளியைத் தின்னும் என்று 1760-களில் பிரெஞ்சுக்காரர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவந்தார்கள். சின்னானும் வெளியிலிருந்து வந்ததுதான். நாட்டுப் பாட்டில் கேட்ட பறவையெல்லாம் இங்கே இருக்கிறதே என்று நாம் சந்தோஷப்படுகிறோம், தீவின் சொந்தப் பறவைகளோ மலைப்பக்கம் ஒதுங்கிவிட்டன.

கடைசியாக, நீங்கள் கோபப்படுவீர்கள் என்று தெரிந்தே நம் பழந்தின்னி வௌவாலைச் சொல்கிறேன். லிச்சி மரம் வைத்திருக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள். பாருங்கள், பாதி மண்டபம்! நவம்பர், டிசம்பரில் ராத்திரி முழுக்கச் சத்தம், காலையில் முற்றமெல்லாம் கடித்த பழம், எனக்கும் தெரியும். 2015-லும் 2016-லும் சேர்த்து அரசாங்கமே 30,000-க்கும் மேற்பட்ட வௌவால்களைச் சுட வைத்தது. 2018-இல் இந்த வௌவால் உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்ற பட்டியலுக்குப் போனது. இந்தத் தீவில் ஒரு காலத்தில் மூன்று வகைப் பழந்தின்னி வௌவால் இருந்தன, இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். பழத்தை அது மட்டுமா கெடுக்கிறது? கிளியும் எலியும் மைனாவும் காற்றும் சேர்ந்தே கெடுக்கின்றன, பழி மட்டும் கண்ணில் படுகிற கறுப்பு உருவத்துக்கு. மரத்துக்கு வலை போட்டால் பழம் தப்பும், வௌவாலும் தப்பும். கண்ணி பெரிதாகவும் தொளதொளவென்றும் இருக்கிற வலை வேண்டாம், அதில் மாட்டித்தான் சாகிறது, இழுத்துக் கட்டிய நெருக்கமான வலை நல்லது. டோடோ இல்லை, பெரிய ஆமை இல்லை, பெரிய விதையுள்ள காட்டுப் பழத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தூரத்தில் போடுவதற்கு இன்று காட்டில் இந்த வௌவாலை விட்டால் ஆள் இல்லை. ஆனால் நாம் பார்க்கிற படமெல்லாம் லிச்சியோடு எடுத்த படம். காட்டுப் பழம் வாயில் இருக்கிற ஒரு வௌவால் படத்தை யாராவது எடுத்தால், அதைப் பெரிதாக அச்சடித்து இந்த மண்டபத்தில் மாட்ட நானே செலவு செய்கிறேன். ஃபிளாஷ் வேண்டாம், சாயங்காலம் அது கிளம்புகிற நேரத்திலேயே வெளிச்சம் போதும்.

மற்ற ஒழுங்கெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கூட்டுக்குக் கிட்டே போகாதீர்கள், போனில் பறவைச் சத்தம் போட்டுக் கூப்பிடாதீர்கள், அது எதிரி வந்துவிட்டது என்று அலையும். குரங்குக்குப் பிஸ்கட் போட்டுப் படம் எடுக்காதீர்கள், கூட்டைக் கெடுக்கிற ஆளுக்கே சாப்பாடு போடுவதாகிவிடும். கூடு தெரிகிற படத்தைப் பொதுவில் போடும்போது இடம் காட்டுகிற வசதியை அணைத்துவிடுங்கள், பிளாக் ரிவர் பக்கம் என்று எழுதினால் போதும். சரியான இடத்தையும் தேதியையும் வளைய நிறத்தையும் பூங்கா ஆட்களுக்கோ மொரிசியஸ் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷனுக்கோ மட்டும் அனுப்புங்கள், தமிழில் எழுதினாலும் யாராவது படித்துச் சொல்வார்கள், கிரியோலில் எழுதினால் இன்னும் நல்லது.

கேள்வி இருப்பவர்கள் இப்போது கேட்கலாம். எந்த லென்ஸ் வாங்குவது, என்ன விலை என்று கேட்க வந்தவர்கள் மட்டும் தேநீர் முடிந்ததும் வாருங்கள், அதை ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.