ரேடியஸ் மறுத்த பிறகு சுவிட்ச் ஏன் லோக்கல் யூசரைப் பார்ப்பதில்லை?

அடுத்த கேள்விக்கு வருகிறேன். சிஸ்கோ நெட்வொர்க் சுவிட்சில், பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரு மையச் சர்வரிடம் கேட்டுச் சரிபார்க்கும் ரேடியஸ் வழியாக லாகின் அமைத்து, ‘குரூப் ரேடியஸ் லோக்கல்’ (முதலில் ரேடியஸ், அடுத்து சுவிட்சிலேயே உள்ள லோக்கல் கணக்குகள்) என்று வரிசையும் கொடுத்திருக்கிறார் நேயர் ஒருவர். ஆனால் சுவிட்சிலேயே உருவாக்கிய ‘அட்மின்’ என்னும் யூசரைக் கொண்டு நுழைய முயன்றால் அனுமதி கிடைப்பதில்லை; இரண்டாவதாக லோக்கல் இருந்தும் ஏன் இப்படி என்று கேட்கிறார்.

உங்கள் அமைப்பில் தவறு ஏதும் இல்லை. அந்த வரிசையை ‘இங்கே கிடைக்காவிட்டால் அங்கே தேடு’ என்று நீங்கள் வாசிக்கிறீர்கள். சுவிட்சோ ‘இங்கிருந்து பதிலே வராவிட்டால் மட்டும் அங்கே போ’ என்று வாசிக்கிறது. ‘அட்மின்’ என்ற பெயர் சர்வரில் இல்லாததால் சர்வர் ‘ஆக்சஸ்-ரிஜெக்ட்’ என்னும் மறுப்பை அனுப்புகிறது. மறுப்பும் ஒரு பதில்தான் என்பதால் விசாரணை அத்துடன் முடிந்துவிடுகிறது. அப்படி இல்லாமற்போனால், வேலையை விட்டுப் போனவரின் கணக்கை நீங்கள் சர்வரில் நீக்கிய பிறகும், அவர் தமக்குத் தெரிந்த லோக்கல் பாஸ்வேர்டைக் கொண்டு எந்நேரமும் உள்ளே வந்துவிடலாம் அல்லவா?

சர்வர் மௌனமாக இருக்கும்போதுதான் லோக்கலின் முறை வரும். சுவிட்சை இயக்கும் சிஸ்கோ மென்பொருளான ஐஓஎஸ்ஸில் நாம் எதையும் மாற்றாதவரை, சுவிட்ச் 5 விநாடி காத்திருந்து மேலும் 3 முறை கேட்கும். ஆக ஒரு சர்வருக்கு ஏறக்குறைய 20 விநாடி. அதற்குள் பொறுமையிழந்து சுவிட்சுக்குள் தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்எச் திரையை மூடிவிட்டு, லோக்கல் வேலை செய்யவில்லை என்று எழுதுகிறவர்கள் உண்டு.

சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மௌனம் நேர்வதும் உண்டு. கேட்கும் சுவிட்சின் ஐபி முகவரி சர்வரின் கிளையன்ட் பட்டியலில் (யாரெல்லாம் கேட்கலாம் என்ற பட்டியல்) இல்லாவிட்டால் சர்வர் அந்தக் கேள்வியைச் சத்தமின்றிக் கைவிட்டுவிடும். பல விலான் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) முகவரிகள் உள்ள சுவிட்சில் இது சுலபமாக நடப்பதால், ‘ஐபி ரேடியஸ் சோர்ஸ்-இன்டர்ஃபேஸ்’ கட்டளையால் முகவரியை உறுதிசெய்துவிடுங்கள். சுவிட்ச் பழைய 1645 போர்ட்டுக்கு அனுப்ப, சர்வர் 1812இல் காத்திருந்தாலும் இதே கதைதான். சுவிட்சிலும் சர்வரிலும் ஒன்றாக இருக்க வேண்டிய ரகசியச் சொல் பொருந்தாவிட்டால், சர்வர் பதில் தந்தாலும் அதன் முத்திரை ஒத்துவராமல் சுவிட்ச் அதை எறிந்துவிடும்.

ஆகவே, திறந்திருக்கும் செஷனை மூடாமல், இன்னொரு ஜன்னலில் ரேடியஸ் யூசராக நுழைந்து பாருங்கள். பிறகு பராமரிப்பு நேரத்தில் ரேடியஸ் சேவையைச் சற்றே நிறுத்தி, ‘அட்மின்’ பெயரைக் கொடுத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அரை நிமிடம் காத்திருங்கள்.