சுவர் இல்லாத ஊரில் சித்திரம்

வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, நூலகர் அவர்களே, வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்திலும் பாதியை எடுத்துக்கொண்ட தலைமையாசிரியர் ஐயா அவர்களே, காலையிலிருந்து இந்த மைக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் தம்பி, எல்லோருக்கும் வணக்கம். துண்டுச் சீட்டில் இன்னும் ஐந்து பேர் இருக்கிறார்கள். பொருளாளரை விட்டுவிட்டால் அப்புறம் காபி வராது என்பதால் பொருளாளர் அவர்களே, உங்களுக்கும் வணக்கம். மற்றவர்கள் மன்னிக்க வேண்டும்.

வாசலில் என் படம் போட்டு ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். நன்றி. முப்பத்தெட்டு வருஷம் இந்த ஊருக்குப் பெயர்ப்பலகை எழுதியவனை ஃபிளெக்ஸ் வைத்து வரவேற்றிருக்கிறீர்கள். அதில் 'ஓவியர்' என்பது 'ஓவியார்' என்று அச்சாகியிருக்கிறது. நான் எழுதியிருந்தால் டர்பெண்டைன் துணியால் ஒரு துடை, முடிந்தது விஷயம். இதை என்ன செய்வது? சரி, அதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்று விஷயம் பேசுவதாக வந்தேன். ஒன்று, கலிபோர்னியாப் பாலைவனத்தில் நான் பார்த்த மனிதர்களின் கைவேலை. இரண்டு, பாலைவன வெயிலில் நிறம் என்ன ஆகிறது என்பது. மூன்று, நம்ம ஊர். 'சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்' என்பார் என் குருநாதர். பழமொழிதான். ஆனால் அவர் அதைச் சம்பளம் கேட்கும்போதெல்லாம் சொல்வார். சுவரும் இல்லாமல் சம்பளமும் இல்லாமல் சித்திரம் எழுதியவர்களைத்தான் அங்கே பார்த்தேன்.

மகள் வீட்டுக்குப் போயிருந்தேன், லாஸ் ஏஞ்சல்ஸுக்கு. டிஸ்னிலேண்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார்கள். "மாமா, உங்களுக்கு அதைவிட நல்ல இடம் நாலு இருக்கு" என்றார் மாப்பிள்ளை. மூன்று நாள், ஒரு கார், ஒரு கேன் தண்ணீர், மகள் கட்டிக்கொடுத்த புளிசாதம். கிளம்பிவிட்டோம்.

முதல் இடம் பாலைவனம்கூட இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் ஊருக்குள்ளேயே வாட்ஸ் என்ற உழைக்கும் மக்கள் பகுதி. அங்கே ஒரு சின்ன வீட்டு மனையில் பதினேழு கட்டுமானங்கள் நிற்கின்றன. அதில் உயரமான கோபுரம் கிட்டத்தட்ட நூறு அடி. கட்டியவர் சைமன் ரோடியா, இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த கூலித் தொழிலாளி. ஐந்தடி உயரம்கூட இருக்கமாட்டார். 1921இல் ஆரம்பித்து முப்பத்து மூன்று வருஷம், பகலில் கூலி வேலை, மீதி நேரமெல்லாம் இந்த வேலை. உதவிக்கு ஆள் கிடையாது. சாரம் கிடையாது. ஜன்னல் துடைப்பவர்கள் இடுப்பில் கட்டும் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, தான் கட்டிய கம்பி மேலேயே ஏறி அடுத்த கம்பியைக் கட்டுவார். கம்பியை வளைக்கக் கருவி இல்லாமல் பக்கத்து ரயில் தண்டவாளத்தில் செருகி வளைத்திருக்கிறார். கம்பியைச் சுற்றி வலை, வலை மேல் சிமெண்ட் கலவை, கலவையில் உடைந்த ஓடு, பீங்கான், கிளிஞ்சல், சோடா பாட்டில். மொத்தத்துக்கும் அவர் வைத்த பெயர் 'நுவெஸ்த்ரோ புவெப்லோ'. ஸ்பானிஷில் 'நம்ம ஊர்'. அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளை தூசி என்று நினைத்துக் கார் கண்ணாடியை ஏற்றினார்.

அடுத்த கதையைக் கேளுங்கள். அம்மா, நீங்கள் அவசியம் கேட்க வேண்டும், இது நகராட்சி சம்பந்தப்பட்டது. 1950களின் நடுவில் ரோடியா மனையைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு ஊரை விட்டே போய்விட்டார். நகராட்சி வந்து பார்த்தது. அனுமதி இல்லாத கட்டடம், பாதுகாப்பு இல்லை, இடி என்று உத்தரவு. அந்த நேரம் பார்த்து சினிமாக்காரர்கள் இரண்டு பேர், ஒருவர் நடிகர், ஒருவர் படத்தொகுப்பாளர், அந்த இடத்தை வாங்கிவிட்டார்கள். இடிக்கக் கூடாது என்று ஒரு குழு சேர்ந்தது. அந்தக் குழுவில் ஒரு பொறியாளர். அவர் என்ன சொன்னார்? வாய்ப்பேச்சு வேண்டாம், கட்டி இழுத்துப் பார்ப்போம். விழுந்தால் உங்கள் கட்சி ஜெயித்தது, விழாவிட்டால் எங்கள் கட்சி.

1959 அக்டோபர் 10. கிரேன் வந்தாயிற்று. பத்திரிகைக்காரர்கள் வந்தாயிற்று. அக்கம்பக்கத்துக்காரர்கள் எல்லாம் நிற்கிறார்கள். கோபுரத்தில் இரும்பு வடத்தைக் கட்டினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக இழுவையை ஏற்றுகிறார்கள். 10,000 பவுண்டு, அதாவது நாலரை டன். நம் தேர் வடம் இழுக்கிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தேர் நகரக் கூடாது என்று வேண்டிக்கொண்டு இழுக்கிறார்கள். கோபுரம் அசைய மாட்டேன் என்கிறது. இன்னும் இழுத்தார்கள். கடைசியில் ஒன்று வளைந்தது. எது? கிரேன்! (கைதட்டல்.) படித்தவர்கள் கணக்குப் போட்டு விழும் என்றதை ஒரு கூலிக்காரர் கைக்கணக்கில் நிறுத்தியிருக்கிறார். சோதனை அத்தோடு நின்றது, இடிக்கும் உத்தரவும் போயிற்று. 1990இல் அதே கோபுரங்களை அமெரிக்க அரசு தேசிய வரலாற்றுச் சின்னம் என்று அறிவித்தது. ஒரு கிரேன் வளைந்தால்தான் நமக்கெல்லாம் புத்தி வரும் போலிருக்கிறது. உங்களைச் சொல்லவில்லை, அம்மா.

அங்கிருந்து கிழக்கே நெடுஞ்சாலை எண் 10. கபஸான் என்ற ஊரில் சாலையோரம் இரண்டு டைனோசர்கள் நிற்கின்றன. ஒன்று 150 அடி நீளம், வயிற்றுக்குள் கடை. கட்டியவர் கிளாட் பெல், உருவப்படம் வரைந்து பிழைத்த கலைஞர். லாரிக்காரர்கள் நின்று போகிற சாப்பாட்டுக் கடை ஒன்று வைத்திருந்தார். கடைக்கு ஆள் வர வேண்டும் என்று 1964இல் ஆரம்பித்தார். நெடுஞ்சாலை வேலையில் மிச்சமான கம்பியும் சிமெண்டும் அதற்குப் போயின. 'ஹோட்டல் – ரூம் உண்டு' என்று ஒரு பலகை எழுதினால் போதாதா என்று நாம் கேட்போம். அவருக்குப் போதவில்லை. பக்கத்து மலைச்சந்து முழுக்கக் காற்றாலைகள், ஆரல்வாய்மொழியில் நிற்கிற மாதிரியே இருந்தது.

அப்புறம் ஜோஷுவா ட்ரீ, ஒரு பாலைவன மரத்தின் பெயரையே வைத்துக்கொண்ட ஊர். அந்த மரங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் கூட்டம் முடியாது. நான் போனது மண்சாலைக்கு உள்ளே, நோவா பியூரிஃபாய் என்ற கருப்பினக் கலைஞர் விட்டுப்போன பத்து ஏக்கருக்கு. அலபாமாவில் 1917இல் பிறந்தவர். இப்போது கயிற்றைக் கட்டுகிறேன் பாருங்கள்: அதே வாட்ஸ் கோபுரங்களின் பக்கத்தில் கலைப்பள்ளி தொடங்கியபோது அதற்கு முதல் இயக்குநர் இவர்தான். 1965இல் வாட்ஸ் கலவரத்தில் தெருத்தெருவாக எரிந்தது. எரிந்து கருகிய குப்பையை டன் கணக்கில் பொறுக்கி வந்து சிற்பம் செய்தார், நண்பர்களோடு சேர்ந்து. பிறகு 1989இல், எழுபதைத் தாண்டிய வயதில், வாடகை கட்டுப்படியாகாத நகரத்தை விட்டுப் பாலைவனத்துக்கு வந்தவர், 2004இல் இறக்கும் வரை அங்கேயே வேலை செய்தார். பழைய டிவி, கழிவறைப் பீங்கான், சைக்கிள், கட்டில், தகரம். கூரை இல்லை. வெயிலும் காற்றும் தின்னட்டும், அதுவும் வேலையில் சேர்த்திதான் என்று விட்டுவிட்டார்.

அங்கே ஒரு வேலைப்பாடு. 'வெள்ளையர்' என்று எழுதிய இடத்தில் குடிதண்ணீர்க் குழாய். பக்கத்தில் 'கருப்பர்' என்று எழுதிய இடத்தில் கழிவறைக் கோப்பை. இரட்டைக் குவளை வைத்த டீக்கடையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதற்கு விளக்கம் எழுதி ஒட்ட வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் அந்த ஊர்களில் அந்தப் பலகைகளை எழுதியதும் என்னைப் போல ஒரு பெயின்டர்தானே என்று நினைத்தேன். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் சால்ட்டன் ஏரி. 1905இல் கொலராடோ ஆறு கால்வாய்க் கரையை உடைத்துக்கொண்டு பள்ளத்துக்குள் பாய்ந்து உண்டான ஏரி. கரையில் பம்பாய் பீச் என்று ஒரு ஊர், கடல் மட்டத்துக்கு 200 அடிக்கும் கீழே. ஒரு காலத்தில் சுற்றுலாத்தலம், இப்போது உப்பும் செத்த மீன் வாடையும். பாழடைந்த வீடுகளிலும் கரையிலும் கலைஞர்கள் எதையாவது நட்டு வைத்திருக்கிறார்கள். நல்லதும் உண்டு, சும்மா படம் பிடித்துப் போடுவதற்கென்றே செய்ததும் உண்டு.

அங்கிருந்து தெற்கே நைலாண்ட். பழைய ராணுவ முகாமின் கான்கிரீட் தளங்கள் மட்டும் மிஞ்சிய வெட்டவெளி. அதன் நுழைவாயிலில் ஒரு குன்று முழுக்க நிறம்! 'சால்வேஷன் மவுண்டன்', ரட்சிப்பின் மலை. சுமார் ஐம்பது அடி உயரம். நடுவில் 'கடவுள் அன்பாயிருக்கிறார்' என்று ஆங்கிலத்தில் ஆளுயர எழுத்து. செய்தவர் லெனார்ட் நைட், வெர்மாண்ட் மாநிலத்துக்காரர், 1931இல் பிறந்தவர். அந்த வாசகத்தை ஒரு ராட்சத பலூனில் தைத்துப் பறக்கவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. வருஷக்கணக்கில் தைத்தார், துணி மக்கிவிட்டது. சரி, ஒரு வாரம் தங்கிச் சின்னதாக ஒரு நினைவுச்சின்னம் கட்டிவிட்டுப் போவோம் என்று 1984இல் இறங்கினார். அந்த ஒரு வாரம் கால் நூற்றாண்டுக்கு மேல் நீண்டது. மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாமல் தன் லாரியிலேயே வாழ்ந்தார்.

முதலில் கட்டிய மலை 1989இல் சரிந்து விழுந்தது. காரணம், காசில்லாமல் சிமெண்டைக் குறைத்து மணலைக் கூட்டியிருந்தார். (மேடையில் ஒப்பந்தக்காரர்கள் யாரும் இல்லையே?) நல்லவேளை, யார் மேலும் விழாமல் விழுந்தது என்று கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு, மறுபடி மண்ணும் வைக்கோலும் குழைத்து ஆரம்பித்தார். நம் தாத்தா காலத்து மண்சுவர்தான். பெயின்ட்? வந்தவர் போனவர் கொண்டுவந்து கொடுத்த டப்பாக்கள். 1994இல் கவுண்டி, அதாவது அந்த ஊர் மாவட்ட நிர்வாகம், மண்ணை எடுத்துச் சோதித்து, பெயின்டில் ஈயம், நச்சு, அகற்ற வேண்டும் என்றது. மக்கள் கையெழுத்து வாங்கினார்கள், தனியே சோதனை செய்தார்கள், மலை தப்பித்தது. 2002இல் செனட்டர் பார்பரா பாக்ஸர் அதை நாட்டின் பொக்கிஷம் என்று நாடாளுமன்றக் குறிப்பிலேயே ஏற்றினார். 2014இல் நைட் இறந்துபோனார்.

அந்த எழுத்தை நான் கிட்டே போய்ப் பார்த்தேன். நூல் அடிக்கவில்லை, கட்டம் போடவில்லை, ஷேடு இல்லை. மண்ணையே புடைப்பாக வைத்து அதன்மேல் நிறம். என் கடைக்கு வந்திருந்தால் முதல் நாளே திட்டியிருப்பேன். ஆனால் மைல் தூரத்திலிருந்து படிக்க முடிகிறது. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்றாரே என் குருநாதர், இந்த மனிதர் சுவர் கிடைக்காமல் மலையையே கட்டிவிட்டாரே!

நம் நாட்டிலும் நேக் சந்த் இருந்தார். சண்டிகரில் சாலை ஆய்வாளர். 1957இலிருந்து காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் உடைந்த வளையலிலும் ஓட்டிலும் ஆயிரக்கணக்கான பொம்மைகள் செய்தார். கண்டுபிடித்த அதிகாரிகள் இடிக்காமல் 1976இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள், அவருக்கு ஆட்களும் கொடுத்தார்கள். அதிகாரிகளும் நல்லது செய்வார்கள், அம்மா.

இப்போது வாசலில் இருக்கிற ஃபிளெக்ஸுக்கு வருகிறேன். இந்த ஊரில் பெயரோடு 'ஆர்ட்ஸ்' சேர்த்துக் கடை வைத்தவர்கள் ஒன்பது பேர் இருந்தோம். இன்று தூரிகை பிடிப்பவன் நானும் இன்னொருவரும். அவரும் பகலில் ஆட்டோ ஓட்டுகிறார். ஃபிளெக்ஸ் ஒரு ராத்திரியில் வரும், ஒரு வாரத்தில் கிழியும், அப்புறம் ஆட்டுக்கொட்டகைக் கூரை, அதற்கப்புறம் சாக்கடை அடைப்பு. மக்கவும் மக்காது. கையால் எழுதிய மளிகைக் கடைப் பலகை இருபது வருஷம் நின்று, அழியும்போதும் அழகாக அழிந்தது. வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, உங்கள் அப்பா கடைப் பலகை நான் எழுதியது. அதை நீங்கள் இன்னும் பரணில் வைத்திருப்பது எனக்குத் தெரியும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம். நம் ஊரில் சுவர் இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு கட்சி 'ரிசர்வ்டு' என்று எழுதி வைத்திருக்கிறது. பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கச் சுற்றுச்சுவர் மட்டும் தப்பியிருக்கிறது, நாற்றத்தால். அடி வைத்து அளந்துவிட்டேன், 180 அடி. அம்மா, அதை மட்டும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். நான் கூலி கேட்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்குப் பிரஷ் பிடிக்கச் சொல்லித்தருகிறேன். எழுதினால் அங்கே ஒதுங்குகிறவர்களும் ஒதுங்க மாட்டார்கள்.

பாலைவன வெயிலில் நிறம் என்ன ஆகிறது என்று சொல்கிறேன் என்றேன். பொருளாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், அதனால் விட்டுவிடுகிறேன்.

அம்மா தலையாட்டுகிறார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பிக்கலாம். ஏணி என்னிடம் ஒன்று இருக்கிறது, இன்னொன்று வேண்டும். கீழே நின்று பிடித்துக்கொள்ள ஒரு ஆளும் வேண்டும், முட்டி முன்பு மாதிரி இல்லை. வணக்கம்.