மேளத்துக்குத் தடை போட்டாங்க, எண்ணெய் டிரம் பாட ஆரம்பிச்சது! | லண்டன் நாட்டிங் ஹில் கார்னிவல்

[திரையில்: பலகை அடிச்ச ஜன்னல்கள், பூட்டுன கடைகள்]

மேற்கு லண்டன்ல இந்தத் தெருவுல வீடு வாங்கணும்னா பல கோடி வேணும். ஆனா ஆகஸ்ட் கடைசி வந்தா, வீட்டுக்காரங்க பலபேரு வாசலுக்கும் ஜன்னலுக்கும் பிளைவுட் அடிச்சிட்டு ஊரை விட்டே கிளம்பிடுறாங்க. புயலா? இல்ல. போறவங்க போக, மிச்சம் இருக்குறவங்கள்ல சிலர் "டாய்லெட் உண்டு, இத்தனை பவுண்டு"ன்னு அட்டை எழுதி வாசல்ல மாட்டிடுறாங்க. வியாபாரம் வெள்ளைக்காரன்கிட்டதாங்க கத்துக்கணும்!

[திரையில்: இறகு கிரீடங்கள், ஊர்வலம், நெரிசல்]

வணக்கம் மக்களே. இதுதான் நாட்டிங் ஹில் கார்னிவல், கரீபியன் மக்களோட தெருத் திருவிழா. ஆகஸ்ட் கடைசி திங்கக்கிழமை அங்க அரசு விடுமுறை. அதுக்கு முந்தின ஞாயிறையும் சேர்த்து ரெண்டு நாள். கூட்டம் 20 லட்சம் வரைக்கும்னு சொல்றாங்க.

வரலாறுன்னதும் ஸ்கிப் பண்ணப் போற கையைக் கொஞ்சம் நிறுத்துங்க, வேகமா முடிச்சிடுறேன். இன்னைக்குப் பணக்கார ஏரியா. 1950கள்ல ஒழுகுற வீடு, ஒரு ரூம்ல ஒரு குடும்பம். கரீபியன் தீவுகள்லேர்ந்து பிழைக்க வந்தவங்க அங்கதான் குடியிருந்தாங்க. 1958 ஆகஸ்ட் கடைசியில வெள்ளைக்கார இளைஞர் கும்பல்கள் அவங்க வீடுகளைத் தாக்க, கலவரம். கரீபியன் தீவான டிரினிடாட்ல பிறந்து, கம்யூனிஸ்ட்னு அமெரிக்கா நாடு கடத்துன பத்திரிகையாளர் கிளாடியா ஜோன்ஸ், 1959 ஜனவரி 30-ல செயின்ட் பேங்க்ராஸ் டவுன் ஹால்ல ஒரு கார்னிவல் நடத்துனாங்க. லண்டன் ஜனவரி குளிர்ல தெருவுல ஆட முடியுமா? அதான் ஹாலுக்குள்ள. விழா மலர் வித்த காசுல ஒரு பங்கு, கலவர வழக்குல மாட்டுன பசங்களோட அபராதம் கட்டப் போச்சு. கறுப்பினப் பசங்களுக்கு மட்டும் இல்லங்க, வெள்ளைக்காரப் பசங்களுக்கும்!

தெருவுக்கு வந்தது 1966-ல. ரோன் லாஸ்லெட்னு ஒரு சமூகப் பணியாளர் அந்த ஏரியா குழந்தைகளுக்காக ஒரு விழா வெச்சாங்க. அதுல வாசிக்க வந்த ரஸ்ஸல் ஹெண்டர்சன் குழு, கழுத்துல தொங்குற ஸ்டீல்பேனோட (எண்ணெய் டிரம்ல செஞ்ச தகர வாத்தியம், சுருக்கமா பேன்) அப்படியே நடக்க ஆரம்பிச்சது. ஜனம் பின்னாடியே போச்சு. அந்த நடைதான் இன்னைக்கு ஊர்வலம்.

[திரையில்: ஸ்டீல்பேன், மிக அருகில்]

இப்ப என் செல்லத்துக்கு வருவோம். எல்லாரும் இறகு டிரஸ்ஸைப் போட்டோ எடுப்பாங்க. நீங்க இந்தத் தகரத்தைப் பாருங்க.

டிரினிடாட்ல அடிமைத்தனம் ஒழிஞ்ச பிறகும், அடிமைகளா இருந்தவங்க வம்சத்து மக்கள் மேளம் அடிச்சுக் கூடுனா, தீவை ஆண்ட பிரிட்டிஷ்காரனுக்கு வயித்தைக் கலக்கும். 1880கள்ல சட்டம் போட்டு மேளத்தை அடக்குனாங்க. சரின்னு மூங்கிலை வெட்டித் தரையில குத்தித் தாளம் போட்டாங்க. 1930கள்ல பிஸ்கட் டின், குப்பைத் தொட்டி மூடின்னு கிடைச்சதையெல்லாம் தட்டுனாங்க. தட்டித் தட்டி நெளிஞ்ச இடத்துல வேற சுருதி வருதுன்னு எவனோ ஒரு பையன் காதுல விழுந்திருக்கு பாருங்க, அங்கதான் ஆட்டமே மாறுது! டிரினிடாட் எண்ணெய் எடுக்குற தீவு, போர்க்காலத்துல அமெரிக்கக் கடற்படைத் தளம் வேற. காலி டிரம்முக்குப் பஞ்சமே இல்ல.

செய்முறை: டிரம்மோட அடிப்பக்கத்தைச் சம்மட்டியால அடிச்சுக் குழியா இறக்கணும், தீயில வாட்டணும், அப்புறம் சின்னச் சுத்தியலால ஒவ்வொரு ஸ்வரமா தட்டி எடுக்கணும். ஜலதரங்கத்துல தண்ணி அளவு செய்யுற வேலையை இங்க அந்தத் தட்டல் செய்யுது. உச்ச ஸ்தாயி பேன்ல 25-க்கு மேல ஸ்வரம். கீழ் ஸ்தாயி வாசிக்குற பேஸ் பேன்னா வெட்டாத முழு டிரம், ஒவ்வொண்ணுலயும் 3 ஸ்வரம்தான். 6 டிரம்மைச் சுத்தி வெச்சு நடுவுல ஒருத்தர் நின்னு சுழன்று சுழன்று அடிப்பார். இன்னொண்ணு: ச-வுக்குப் பக்கத்துல ரி இருக்காது! ஒரு பக்கம் ப, மறுபக்கம் ம. இணக்கமான ஸ்வரங்கள் அடுத்தடுத்து இருந்தா ஒண்ணை அடிக்கும்போது மத்ததும் சேர்ந்து இனிமையா அதிரும். இப்படி வரிசைப்படுத்துன ஆண்டனி வில்லியம்ஸும், டிரம்மை முதல்ல குழியா அடிச்சவர்னு சொல்லப்படுற எல்லி மானெட்டும் 1951-ல ஒரே குழுவா லண்டன் வந்து, பிரிட்டன் திருவிழாவுல வாசிச்சாங்க. எந்த அரசு மேளத்தை அடக்குச்சோ, அதே அரசோட விழா! அந்தக் குழுவுல ஊர் திரும்பாம லண்டன்லயே தங்குனவர் ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட். 1966-ல ஹெண்டர்சனோட தெருவுல நடந்தவர்ல அவரும் ஒருத்தர்.

[திரையில்: ஆளுயர ஸ்பீக்கர் அடுக்கு]

1973-லேர்ந்து லெஸ்லி பாமர்ங்கிறவர் பொறுப்புல, ஸ்பீக்கரை அடுக்கிப் பாட்டு போடுற சவுண்ட் சிஸ்டம் வந்துச்சு, இளசுகளும் வந்தாங்க. 1976-ல போலீஸோட பெரிய மோதல். அதுக்குத் தனி வீடியோவே போடணும். என் கருத்து, திட்டுறவங்க திட்டுங்க: இந்த ஸ்பீக்கர் பேஸ்ல பாவம், பேன் சத்தம் அமுங்கியே போகுது. ஆனா அந்த ஸ்பீக்கரெல்லாம் மதியம் மூணு மணி அடிச்சதும் மொத்தமா நிக்கும். 2017-ல பக்கத்துல கிரென்ஃபெல் டவர்ங்கிற அடுக்குமாடிக் குடியிருப்புல பிடிச்ச தீயில இறந்த 72 பேருக்காக, 72 விநாடி.

போறவங்களுக்கு ஒரு டிப்ஸ். ஞாயிறு விடியக்காலையில போனா பெயின்ட்டும் சாக்லேட்டும் பூசி விடுவாங்க, பழைய சட்டை போடுங்க. நெரிசல் வேணாம், பேன் மட்டும் கேக்கணும்னா சனிக்கிழமை நடக்குற பனோரமா போட்டிக்குப் போங்க. பெரிய பெரிய குழுக்கள், ஸ்பீக்கர் சண்டை கிடையாது. இறகா, தகரமா? உங்க ஓட்டு எதுக்குன்னு கமென்ட்ல போடுங்க. தகரம்னு சொல்றவங்களுக்கு மட்டும் நான் ஹார்ட் போடுவேன்!