கரியைத் தண்ணீரில் மிதக்கவிட்ட பிரபு

நண்பர்களே, வணக்கம்.

பரம்பரைப் பிரபு என்றாலே மாளிகை, வேட்டை, விருந்து என்றுதான் நமக்கு நினைப்பு ஓடும். மூன்றாம் பிரிட்ஜ்வாட்டர் டியூக் பிரான்சிஸ் எகர்டன் அந்த ரகம் இல்லை. 1736-ல் பிறந்தவர். அண்ணன் இறந்துபோக, பதினோரு வயதிலேயே பட்டம் வந்துவிட்டது. இளம் வயதில் நிச்சயித்த திருமணம் முறிந்தது. அதற்குப் பிறகு லண்டன் வாழ்க்கையே வேண்டாமென்று, மான்செஸ்டர் பக்கத்தில் வொர்ஸ்லியில் இருந்த தன் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டார். கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

சுரங்கத்தில் இரண்டு தொல்லைகள். உள்ளே ஓயாமல் தண்ணீர் ஊறும். வெட்டிய கரியைக் குதிரை முதுகில் ஏற்றித்தான் நகரத்துக்கு அனுப்ப வேண்டும், சுமைக்கூலி கட்டுப்படியாகாது. டியூக், அவருடைய நிர்வாகி ஜான் கில்பர்ட், ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற ஆலைத் தச்சர், இந்த மூவரும் சேர்ந்து செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் புல்லரிக்கிறது. மான்செஸ்டருக்கு ஒரு கால்வாய் வெட்டி, தொல்லை கொடுத்த அந்தத் தண்ணீரையே அதற்குத் திருப்பிவிட்டார்கள்! படகு குன்றின் வயிற்றுக்குள்ளேயே போய்க் கரியை ஏற்றிக்கொண்டு வந்தது.

வழியில் இர்வெல் ஆறு குறுக்கிட்டது. பார்ட்டனில் கல்லால் பாலம் கட்டி, அதன் மேலேயே கால்வாயைக் கொண்டுபோனார்கள். ஒழுகாமல் இருக்கக் களிமண்ணைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, மிதித்து, கனமாகப் பூசினார்கள். 1761 ஜூலையில் முதல் படகு போனது. கீழே ஆற்றில் ஒரு படகு, தலைக்கு மேலே இன்னொரு படகு!

அப்புறம் மான்செஸ்டரில் கரி விலை பாதியாக இறங்கியது. அந்தக் குளிரில் ஏழை வீட்டு அடுப்புக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனால் கால்வாயை மெர்சி ஆற்றங்கரை ஊரான ரன்கார்ன் வரை நீட்டப் போய்க் கடன் கழுத்தை நெரித்தது. 1765-ல் வங்கியில் 25,000 பவுண்டு வாங்கினார். அதுவும் போதவில்லை. கில்பர்ட் குதிரையேறி, குத்தகைக்காரர்கள் வீட்டு வாசலில் ஐந்து பவுண்டு, பத்து பவுண்டு என்று கைமாற்று கேட்டாராம். டியூக்கோ தன் செலவை வருடத்துக்கு 400 பவுண்டாகக் குறைத்துக்கொண்டார் என்பார்கள். 1776-ல் வேலை முடிந்து, பிறகுதான் பணம் கொட்டியது. 1803-ல் காலமானார். வாரிசு இல்லாததால் டியூக் பட்டமும் அவரோடு முடிந்தது.

வொர்ஸ்லியில் ஒரு கதை சொல்வார்கள். சாப்பிடப் போன ஆட்கள் தாமதமாகத் திரும்பி, "ஒரு மணி அடித்தது காதில் விழவில்லை" என்றார்களாம். சரி என்று கடிகாரத்தையே மாற்றச் சொல்லிவிட்டார் டியூக். அந்தக் கடிகாரம் இப்போது ஊர்த் தேவாலயத்தில் இருக்கிறது. மதியம் ஒரு மணிக்குப் பதின்மூன்று முறை அடிக்கிறது.