வாக்குக் கொடுத்தால் மட்டும் போதாது

வணக்கம் நேயர்களே. வீடு வீடாகப் போய் நோய்த்தணிப்பு சிகிச்சை, அதாவது தீராத நோயில் வலியையும் அவஸ்தையையும் குறைக்கிற சிகிச்சை, தருகிற குழுவில் நான் ஒரு நர்ஸ். உயிர் பிரியும் நேரத்தில் நம் வீடுகளில் நடப்பதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள், சரி என்று வந்துவிட்டேன்.

உயிர் இழுத்துக்கொண்டே கிடந்தால் 'ஏதோ ஆசை அடங்கலை' என்பார்கள். மண்ணாசையா, வயல் மண்ணைக் கரைத்து இரண்டு சொட்டு. பொன்னாசையா, நகையை உரசிய தண்ணீர். அப்புறம் பிள்ளைகள் வரிசையாகப் பால் ஊற்றுவார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனசு வராது, பேச்சு நின்றுபோனவருக்கும் ஏதோ வேண்டியிருக்கும் என்று நினைத்துச் செய்கிறார்களே. ஆனால் கரண்டி கரண்டியாக மட்டும் ஊற்றாதீர்கள். விழுங்க முடியாதவருக்கு ஊற்றுவது மூச்சுக்குழாயில் இறங்கித் திணறடித்துவிடும். பஞ்சை நனைத்து உதட்டில் தொட்டு வைத்தால் போதும், கங்கைத் தண்ணீரானாலும் ஜம்ஜம் தண்ணீரானாலும்.

முஸ்லிம் வீட்டில் காதோரம் கலிமா சொல்வார்கள், கிறிஸ்தவ வீட்டில் ஜெபமாலை, இன்னொரு வீட்டில் தேவாரம். காது கேட்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட ஆய்வில், கடைசி மணிநேரங்களில் நினைவில்லாமல் கிடந்தவர்களில் சிலருடைய மூளை ஒலிகளுக்கு எதிர்வினை காட்டியது. புரிந்ததா என்பது வேறு விஷயம். பேசுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

என்ன பேசுவது? 'உனக்கு ஒண்ணும் ஆகாது' என்று மட்டும் சொல்லாதீர்கள், அது யாராலும் காப்பாற்ற முடியாத வாக்கு. நான் பார்த்தவரை, பல பெரியவர்களுக்கு வங்கிக் கடனைவிட சாமிக் கடன்தான் பெரிய கவலை. பழனியில் போடாமல் விட்ட மொட்டை, வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டு போகாமலே இருந்தது. 'அதை நான் செய்றேன்ம்மா, இந்தத் தைக்குள்ள' என்று மகள் சொன்னதும் அந்த முகம் தளர்வதைப் பார்க்க வேண்டும். மகளுக்கே அதில் நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம், பரவாயில்லை, நேர்ந்துகொண்டது அம்மா.

இதைவிடக் கஷ்டமானது 'என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாதே, வீட்லயே விட்டுடு' என்பது. எல்லோரும் சரி என்பார்கள். நடுராத்திரியில் மூச்சு மாறும், வெளியூரிலிருந்து அன்றைக்குத்தான் வந்த அண்ணன் 'இப்படியே பார்த்துக்கிட்டு இருக்கீங்களே' என்று கத்துவார், 108 வரும், விடிவதற்குள் ஐசியூ. பாசம் குறைந்ததால் அந்த வாக்கு உடையவில்லை, யாரும் ஏற்பாடு செய்யாததால் உடைந்தது. வலிக்கு மார்ஃபின் வீட்டில் இருக்கிறதா (2014இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அதற்கான கெடுபிடி குறைந்திருக்கிறது), ராத்திரி யாருக்கு போன் செய்வது, இறந்தபின் சான்று தர எந்த டாக்டர் வருவார் என்பதையெல்லாம் முன்னாடியே கேட்டு வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிற நோய்த்தணிப்பு சிகிச்சையும் உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

இன்னொன்று லிவிங் வில். தேற வழியில்லாத நிலையில் வென்டிலேட்டர் போன்றவை வேண்டாம் என்று தெளிந்த புத்தியோடு எழுதி வைப்பது. உச்ச நீதிமன்றம் 2018இல் அதை ஏற்றது. மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்று அப்போது வைத்த நிபந்தனையை 2023இல் தளர்த்தியது. இப்போது இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியும் போதும். உயிரோடு இருக்கும்போதே இதையெல்லாம் எழுதுவது அபசகுனம் என்பவர்களிடம் நான் பெரியாழ்வாரைத்தான் இழுப்பேன். தளர்ந்து கிடக்கும்போது உன்னை நினைக்க என்னால் முடியாது, அதனால் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன் என்று அரங்கனிடமே முன்கூட்டிச் சொன்னவர் அவர்.

எழுதிய தாளை பீரோவில் பூட்டிவிடாதீர்கள். ஒரு படம் எடுத்து அந்த வெளியூர் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, போன் போட்டும் பேசிவிடுங்கள், அவர் கோபப்பட்டாலும் இப்போதே படட்டும்.